மெல்லப் பேசத் தெரியாதவள்

அந்தத் தெருக்களில் அவளுக்குக் கிளட்ச் அக்கா என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் வேலை. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தலையில் பலகை மாட்டிய வெள்ளைக் கார் ஒன்று தினமும் ஊர்ந்து வர, அதன் ஜன்னல் வழியாக, "கிளட்ச்ச மிதிங்க! கிளட்ச்! நீங்க மிதிச்சது கிளட்ச் இல்ல, என் உயிரு!" என்று ஒரு குரல் கிளம்பி நாலு கடை தாண்டிப் போய் விழுந்தால், அசல் பெயரை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

பிறக்கும்போதே வந்த குரல் இல்லை அது. தொழில் கொடுத்த குரல். ஸ்டியரிங்கைப் பிடித்த மாத்திரத்தில் மனிதர்களுக்குக் காது அடைத்துப்போகிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவள் கண்டுகொண்டாள். அடுப்படியில் கரண்டி விழுந்தால் அடுத்த அறையிலிருந்து "என்ன உடைஞ்சுது?" என்று கேட்கிற பெண்மணி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்ததும் எதிரே வரும் லாரியின் ஹாரன்கூடக் கேட்காதவராக மாறிவிடுவார். அந்த அடைத்த காதுக்குள் போய்ச் சேர வேண்டுமானால் குரலுக்கு எலும்பு வேண்டும். அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் உண்டு. ஆபத்து என்றால் அவளே மிதித்து நிறுத்திவிடலாம். ஆனால் அதை மிதிக்க நேர்ந்த நாளெல்லாம் அவளுக்குத் தோற்ற நாள். "நான் மிதிச்சா நான் ஓட்டினதா அர்த்தம். நீங்க மிதிங்க, நான் கத்தறேன். அதுதான் நமக்குள்ள பேச்சு" என்பாள், புதிதாகச் சேருகிறவர்களிடம்.

கத்துகிறவளுக்குக் கத்தாத கணவன் வாய்த்தான். கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பார்க்கிற வேலை அவனுக்கு. விளக்கை அணைத்த சின்ன அறை, எதிர்ச் சுவரில் எழுத்துகள், வந்தவரின் மூக்கின் மேல் கனமான ஒரு சட்டம். அவர் காதருகே குனிந்து, "இது தெளிவா இருக்கா... இல்ல, இது தெளிவா இருக்கா?" என்று கண்ணாடியை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது. கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அவனுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத்தான் வரும். "ஜன்னலத் திறந்தா நல்லா இருக்கா, மூடினா நல்லா இருக்கா?" கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் கார் ஓட்டப் பழக வந்தவன்தான். லைசன்ஸ் கிடைக்கவில்லை. அவள் கிடைத்தாள்.

வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் அவள் வேலையை விடவில்லை. வயிறு பெரிதாகப் பெரிதாக சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் கால் ஒரு பக்கம், பிரேக் ஒரு பக்கம் என்று ஆனபோதுதான் பள்ளி முதலாளி, "தாயே, பிரசவத்த வண்டியில வச்சிடாதே. சீட் கவர் புதுசு" என்று கெஞ்சி வீட்டுக்கு அனுப்பினார். அந்த மாதங்கள் முழுக்க அவளிடம் அதிகம் திட்டு வாங்கியவர், ஓட்டப் பழக வந்த ஒரு பேக்கரிக்காரர். மாவைப் பூ மாதிரி உருட்டுகிற கை, கியரைப் பிடித்தால் மட்டும் பல் பிடுங்குகிற மாதிரி பிடிக்கும். தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றும் மனம் தளராத மனிதர். அவள் விடைபெற்றுக் கிளம்பிய அன்று, "மேடம், போற போக்கப் பார்த்தா உங்க குழந்தை வளர்ந்து எனக்கு முன்னாடி லைசன்ஸ் வாங்கிடும்" என்றார்.

"வாங்கட்டும். அப்புறம் அதையே உங்க பக்கத்துல உட்கார வச்சிட்டு நான் தப்பிச்சுக்கறேன்" என்றாள் அவள்.

பெண் குழந்தை பிறந்தது.

அதற்கு முன்பே ஆளாளுக்கு அவளைத் தயார் செய்திருந்தார்கள். முகத்தைப் பார்த்த அந்த நிமிஷம் உலகமே மறந்துபோகும் என்றார்கள். நெஞ்சுக்குள் என்னவோ பொங்கும், கண்ணீர் தானாக வரும் என்றார்கள். அவளும் காத்திருந்தாள். நர்ஸ் கொண்டுவந்து கையில் வைத்தாள். பார்த்தாள். உலகம் மறந்துபோகவில்லை. மின்விசிறியில் ஒரு இறக்கை லேசாக உரசுவதுகூடக் கேட்டது. துணிக்குள் சிவந்து சுருங்கிய ஒரு முகம், கண்ணை மூடியபடி, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒருவரைப் போல இருந்தது. அப்படிப்பட்டவரிடம் என்ன வருமோ அதுதான் அவளுக்கும் வந்தது. மரியாதை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கலாமா என்று தோன்றியது. "சௌகரியமா இருக்கீங்களா?" என்று கேட்கக்கூட வாய் எடுத்தாள். நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

சரி, குளிர்ந்த வண்டி முதல் சாவிக்கே கிளம்புமா என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவனின் அக்கா பெட்டியோடு காத்திருந்தார். அவளுக்கு நாத்தனார், கூப்பிடுவது அண்ணி என்று. நூலகத்தில் வேலை செய்கிறவர். இரண்டு பிள்ளைகளைக் குரல் உயர்த்தாமலே வளர்த்து ஆளாக்கியவர். வாயில் விரலை வைத்து "ஷ்ஷ்" என்றார் என்றால் அதில் ஒரு பத்தி அளவுக்கு விஷயம் இருக்கும். நல்ல மனசு. லீவு போட்டு வந்து துணி துவைத்து, சமைத்து, இவளை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டார். ஒரே ஒரு சட்டம்தான் போட்டார். வீட்டில் சத்தம் கூடாது.

"பிஞ்சுக் காதும்மா. நீ கார்ல பேசற மாதிரி இங்க பேசினா அதுக்கு அதிர்ச்சியாயிடும். மெதுவா... இன்னும் மெதுவா... அம்மான்னா குழந்தைக்குத் தாலாட்டு மாதிரி இருக்கணும்."

காலிங் பெல்லின் ஒயர் பிடுங்கப்பட்டது. கதவு இடுக்கில் துணி சொருகப்பட்டது. குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் நாத்தனார் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவார். அந்த வீட்டில் எதுவுமே முழுசாக வேகாமல் சாப்பிட்ட காலம் அது. தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர் மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திருடன் மாதிரி வந்து போனார்.

கிளட்ச் அக்காவும் மெல்லப் பேசிப் பார்த்தாள். தொண்டையை இறுக்கி, மூச்சை மட்டும் வெளியே விட்டு, "செல்லம்... தங்கம்..." என்றாள். பஞ்சரான டயரில் காற்று இறங்குகிற சத்தம்தான் வந்தது. அவளுக்கே அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. குழந்தை அதைக் கேட்டதும் முதுகை வில்லாக வளைத்து, முகம் கறுக்க அழுதது.

அழுகிற பிள்ளையைக் கணவன் வாங்கிக்கொள்வான். தோளில் சாய்த்து, காதருகே குனிந்து, "இந்தப் பக்கம் சாஞ்சா நல்லா இருக்கா... இல்ல, இந்தப் பக்கமா?" என்பான். மூன்றாவது கேள்விக்கு முன்னால் அழுகை நின்றுவிடும். குழந்தைக்கு அவன் மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தான். "மேனேஜருக்கு இன்னிக்கு யார் மேல கோபம்?" என்பான். நாத்தனார் வாங்கினாலும் நிற்கும். மேல்வீட்டு அம்மா ஒருநாள் வாங்கினார், அவரிடமும் நின்றது. இவளிடம் மட்டும் பால் குடிக்க வரும். டீக்கடைக்கு வருகிற ஆள் மாதிரி வரும், குடிக்கும், முடித்ததும் வேறு ஆளைக் கேட்டு அழும்.

"பாரேன், உங்க மேனேஜருக்கு என்னப் பிடிக்கல" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள் ஒருநாள்.

"பிடிக்குது பிடிக்கலன்னு சொல்ற வயசா அது?" என்று அவனும் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவள் சிரித்தது மேலுக்கு. கற்றுக்கொள்ள வந்தவர்களில் சிலருக்கு அவளைப் பிடிக்காமல் போனதுண்டு. "அந்தம்மா வேணாம், ரொம்பக் கத்துது" என்று முதலாளியிடம் சொல்லி வேறு ஆளிடம் மாறிக்கொள்வார்கள். அதை அவள் ஒருபோதும் மனதில் வைத்துக்கொண்டதில்லை. ஆனால் இது மாறிக்கொள்ளவும் முடியாமல், போகவும் முடியாமல், இவளிடமே மாட்டிக்கொண்ட பிள்ளை. தன்னிடம் மாட்டிக்கொண்டதால் பாவம் இது என்ற நினைப்பு மட்டும் வந்தது. மற்றவர்கள் சொன்ன பொங்குதல் வரவில்லை. வந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள், "அம்மா முகத்துல என்ன களை!" என்றார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம்.

கணவன் கடைக்குப் போயிருந்தான். நாத்தனார் உள் அறையில் சற்றுக் கண்ணயர்ந்திருந்தார். குழந்தை அழுதுகொண்டிருந்தது. இவள் அதை மார்போடு பிடித்து, ஜன்னலோரம் இப்படியும் அப்படியும் நடந்து, "ஸ்ஸ்... ஸ்ஸ்..." என்று காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் ஹாரன் சத்தம் கூடியது. எட்டிப் பார்த்தாள்.

அவளுடைய வெள்ளைக் கார்தான். தெரு அந்த இடத்தில் நன்றாக ஏறும். ஏற்றத்தின் நட்ட நடுவில் வண்டி நின்றுபோயிருந்தது. அவளுக்குப் பதில் சேர்ந்திருந்த ஆள், இறங்கிப் பின்னால் நின்ற வேன்காரரிடம் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்குள் தனியாகப் பேக்கரிக்காரர். பிரேக்கிலிருந்து கால் நழுவியதோ என்னவோ, கார் மெள்ள மெள்ளப் பின்னால் உருண்டது. வேனுக்கும் காருக்கும் நடுவில் சண்டை போடுகிற இரண்டு பேரின் முட்டிகள்.

அவள் யோசிக்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்தபடியே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"பேக்கரீ! ஹேண்ட் பிரேக்! ஹேண்ட் பிரேக்க இழுங்க! கேக்குதா? மெதுவா இல்ல, வேரோட பிடுங்கற மாதிரி இழுங்க!"

தெருவே நின்றது. பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தர் கையிலிருந்த பழத்தோடு அப்படியே நின்றார். பேக்கரிக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. கை தானாகப் போய் இழுத்தது. வண்டி கப்பென்று நின்றது.

"இப்ப சாவி! கிளட்ச்ச மிதிச்சுட்டுப் போடுங்க! ஃபர்ஸ்ட் கியர்! பாதி விடுங்க... பாதி... வண்டி மூக்கத் தூக்குதா? இப்ப ஹேண்ட் பிரேக்க விட்டுட்டுப் போங்க! போங்கன்னா போங்க!"

கார் போயிற்று. சும்மா போகவில்லை, கல்யாண வண்டி மாதிரி சீராக ஏறிப் போயிற்று. புது ஆள் பின்னாலேயே ஓடினார். ஏற்றம் தாண்டியதும் பேக்கரிக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்து, "மேடம்! எங்க இருக்கீங்க?" என்று கத்தினார். அவள் பதில் சொல்வதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையில் அழுகை இல்லை.

குனிந்து பார்த்தாள். குழந்தை கண்ணை அகலத் திறந்து அவள் முகவாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அசையவில்லை. இமைக்கவும் இல்லை. பிறந்ததிலிருந்து இப்படி அது அவளைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு உள்ளே என்னவோ அசைந்தது. அது என்னவென்று பார்ப்பதற்குள் நாத்தனார் தலைமுடி கலைய ஓடிவந்தார்.

"என்னம்மா இது! தூக்கத்துல எனக்கே நெஞ்சு அடைச்சுப்போச்சு. ஐயோ, குழந்தையப் பாரு. அழக்கூட முடியாம அப்படியே உறைஞ்சுபோச்சு பாரு. பயந்துடுச்சும்மா."

இவள் மறுபடி பார்த்தாள். ஆமாம், அப்படியும் இருக்கலாம். ஸ்டியரிங்கில் பயந்து உறைகிறவர்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! அவர்களும் இப்படித்தான் கண்ணை அகல விரித்து, மூச்சு விட மறந்து உட்கார்ந்திருப்பார்கள். நாத்தனார் குழந்தையை வாங்கிக்கொண்டார். அது வீறிட்டு அழுதது. "பார்த்தியா, இப்பத்தான் பயம் வெளிய வருது" என்றார் அவர்.

முதல் தடவையாக அது என்னைப் பார்த்தது, அதுவும் பயந்து பார்த்தது. அன்று சாயங்காலம் முழுக்க அவளுக்கு இந்த ஒரு நினைப்புதான். அதற்குப் பிறகு தொண்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பேசுவதையே குறைத்துக்கொண்டாள். நாத்தனார் லீவு முடிந்து, கண் கலங்க விடைபெற்றுத் தன் வீட்டுக்குப் போனார். பெட்டியை எடுத்துக்கொண்டார், மௌனத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார். காலிங் பெல் ஒயரைத் திரும்பச் சொருக யாருக்கும் தைரியம் வரவில்லை.

குழந்தைக்குக் கழுத்து நிற்கத் தொடங்கிய சமயம், அவள் கணவனிடம் சொன்னாள், வேலைக்குப் போகிறேன் என்று. முதலாளி கூப்பிடவில்லை. அவளாகத்தான் போன் செய்து கேட்டிருந்தாள். காலையில் மட்டும் வகுப்பு. அவன் கடைக்கு மத்தியானம் போனால் போதும். இவள் வகுப்பு முடிகிற நேரத்துக்கு அவன் பிள்ளையைப் பயிற்சி மைதானத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அப்படியே கடைக்குப் போய்விடலாம். எல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். குழந்தையின் சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "வேலைக்குப் போகணும்னு போறியா... இல்ல, வீட்ல இருக்க முடியலன்னு போறியா?" என்றான்.

"ஆரம்பிச்சுட்டீங்களா? ரெண்டும் ஒரே கண்ணாடிதான். எதப் போட்டாலும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது."

அவன் சிரிக்கவில்லை. காத்திருந்தான். கண் சோதிக்கிறவனுக்குக் காத்திருப்பது ஒரு வேலையே இல்லை.

"அதுக்கு என்னப் பிடிக்கலங்க" என்றாள் கடைசியில். இந்த முறை சிரிக்க வரவில்லை. "பெத்தவ நான். நர்ஸ் கையில நிக்குது, அண்ணி கையில நிக்குது, மேல்வீட்டம்மா கையில நிக்குது. என்னப் பார்த்தா அழுது. ஒரே ஒரு தடவ பார்த்துச்சு, அதுவும் பயந்துபோய். எனக்கும் அதப் பார்த்தா... எல்லாரும் சொன்ன மாதிரி வரலைங்க. நான் என்ன ஜென்மம்னு தெரியல."

அவன் சட்டையைக் கீழே வைத்தான். ஆறுதல் சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். சொன்னால் சண்டை போடலாம் என்றும் இருந்தாள்.

"எனக்கும்தான் வரல" என்றான் அவன்.

"என்ன வரல?"

"பொங்கறது. எனக்கும் அது யாருன்னு தெரியல. கடைக்கு வர்றவங்ககிட்டப் பேசற மாதிரிதான் பேசிட்டிருக்கேன். வேற எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியாது. அது என்னவோ கேட்டுக்குது. அதுக்காக என்ன நல்ல அப்பான்னு எல்லாரும் சொல்றப்ப வெக்கமா இருக்கு."

இருவரும் குழந்தையைப் பார்த்தார்கள். அது தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கும்போது யாரையும் பிடிக்கவில்லை என்று அது சொல்வதில்லை.

"அப்ப நீங்களும் நடிச்சீங்களா?" என்றாள்.

"நீயுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் அழுகையும் வந்தது. போகட்டும் என்று இரண்டையும் வரவிட்டாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று காலை, மைதானத்தில் பேக்கரிக்காரர் ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். கிடங்கு ஒன்றின் பின்னால் கம்பி வேலி போட்ட வெற்று இடம் அது. பழைய டயர்களையும் ஆரஞ்சு நிறக் கூம்புகளையும் வரிசையாக வைத்துப் பாதை மாதிரி ஆக்கியிருப்பார்கள்.

"மேடம், அன்னிக்கு மேல இருந்து குரல் வந்துச்சு பாருங்க, நான் ஒரு நிமிஷம் நீங்க போய்ச் சேர்ந்துட்டீங்களோன்னு நினைச்சுட்டேன்."

"போய்ச் சேர்ந்தாலும் உங்களுக்குப் பாடம் எடுக்காம விடுவேனா? ஏறுங்க."

ஏறியாயிற்று. ஆனால் ஒரு சங்கடம். அவளுக்குக் குரல் வரவில்லை. இத்தனை நாள் இறுக்கிப் பிடித்த தொண்டை, விடச் சொன்னதும் விடவில்லை. "கொஞ்சம்... இடது பக்கம்..." என்றாள். பேக்கரிக்காரர் வலது பக்கம் திருப்பி ஒரு கூம்பை நசுக்கினார். "பிரேக்... போடுங்களேன்..." என்றாள். அவர் போடவில்லை, அவளே மிதித்தாள். திரும்பவும் மிதித்தாள். காலை முழுக்க அவளே மிதித்தாள். அவர் வியர்த்துப்போனார்.

"மேடம், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல, திட்டவே மாட்டேங்கறீங்க. என் மேல ஏதாவது கோபமா? நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன். இப்படி மரியாதையா மட்டும் பேசாதீங்க மேடம், கால் நடுங்குது."

வகுப்பு முடிகிற நேரம். கடைசியாக ஒரு ரிவர்ஸ். வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. பேக்கரிக்காரர் கண்ணாடியைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னமும் மன்னிப்பு கிடைக்குமா என்று. பின்னால் கிடங்குச் சுவர் வந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் முதலாளியின் புது ஸ்கூட்டர். பாலிதீன் உறைகூடப் பிரிக்காதது.

"பேக்கரீ! என் மூஞ்சியிலயா கண்ணாடி மாட்டியிருக்கு? பின்னாடி பாருங்க! பிரேக்! பிரேக்கு! சுவரு உங்களுக்கு வழி விட்டு நகரும்னு நினைச்சீங்களா?"

வண்டி நின்றது. நிறுத்தியது அவர்தான். அவர் முகத்தில் தீபம் ஏற்றிய மாதிரி ஒரு வெளிச்சம். "வந்துட்டீங்க மேடம்!" என்றார்.

அவள் கண் அதற்குள் நகர்ந்திருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் வேறு ஒன்று தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், வாசலருகே, கணவன். தோளில் குழந்தை. எப்போது வந்தான் என்று தெரியவில்லை. குழந்தையின் முகம் முழுக்க ஈரம். வழி நெடுக அழுதிருக்கிறது, அவன் இரண்டிரண்டாகக் கேட்டதெல்லாம் பலிக்கவில்லை. இப்போது அழவில்லை. ஆடுகிற தலையைப் பெரும்பாடு பட்டு நிமிர்த்திக்கொண்டு, எதையோ தேடியது.

பயந்துவிட்டது. முதலில் அவளுக்கு அதுதான் தோன்றியது. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். மைதானம் அமைதியானது. குழந்தையின் உதடு பிதுங்கியது. திரும்பவும் அழ ஆரம்பித்தது.

அவள் கண்ணாடியில் அதையே பார்த்தாள். பிறகு, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், உரக்கச் சொன்னாள்: "பேக்கரீ! ஸ்டியரிங்க நேராப் பிடிங்க!"

"நேராத்தான் மேடம் இருக்கு. வண்டியே நிக்குதே!"

"பரவாயில்ல! இன்னும் நேராப் பிடிங்க!"

அழுகை நின்றது. பாதி அழுகையில், வாய் திறந்தபடியே நின்றது. தலை இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது.

கணவனும் கவனித்துவிட்டான். அவன் கண் சோதிக்கிறவன் அல்லவா, சும்மா இருப்பானா? வேலியோரமாக மெதுவாக இடது பக்கம் நடந்தான். நின்று, அவளைப் பார்த்துக் கையை அசைத்தான். ம், பேசு.

"மிரரப் பாருங்க! கழுத்த வீட்ல வச்சிட்டா வந்தீங்க?" என்று அவள் கத்தினாள்.

குழந்தையின் தலை காரின் பக்கம் திரும்பியது.

அவன் மறு கோடிக்கு நடந்தான். தோளை மாற்றிப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றான். மறுபடி கை அசைத்தான்.

"இண்டிகேட்டரு! வலது பக்கம் திரும்பறதுன்னா உலகத்துக்குச் சொல்லிட்டுத் திரும்பணும்! யாருக்கும் சொல்லாம திரும்பறதுக்கு நீங்க என்ன காத்தா?"

"மேடம், நான் திரும்பவே இல்ல" என்றார் பேக்கரிக்காரர் ஈனஸ்வரத்தில்.

குழந்தை திரும்பியது. இந்த முறை உடம்போடு திரும்பியது. அப்பாவின் தோளைக் கையால் தள்ளி, காலை உதைத்து, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே போக வேண்டும் என்பது போல எம்பியது. பயந்தவர்களை அவளுக்குத் தெரியும். பயந்தவர்கள் பின்னால்தான் சாய்வார்கள். சீட்டுக்குள் புதைவார்கள். யாரும் இப்படி எம்பி முன்னால் வரமாட்டார்கள்.

தூரத்திலிருந்து கணவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கடையில் சரியான கண்ணாடி அகப்பட்டதும் அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை. இப்படித்தான் இருக்கும் போல.

தெரிஞ்சிருக்கு. இதுக்கு என்னத் தெரிஞ்சிருக்கு. வயித்துக்குள்ள இருந்தே கேட்ட குரலாச்சே. இத்தனை நாளும் பஞ்சர் டயர் மாதிரி பேசிக்கொண்டு வந்து தூக்கிய அந்த அம்மா யார் என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்து இறங்கினாள். நடந்து போகும்போதே நெஞ்சில் பால் கட்டி வலித்தது, அதற்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்றும் கட்டிக்கொண்டு வலித்தது. பொங்குகிறது என்று அதைச் சொல்ல முடியாது. நெரிசலில் நெடுநேரம் நின்ற வண்டி ஒரு அடி நகர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

வேலி வாசலில் நின்றாள். பழக்க தோஷத்தில் தொண்டை இறுகப் பார்த்தது. விடவில்லை.

"என்ன? வழி பூரா அழுதியாமே? யாரக் கேட்டு அழுத?" என்றாள், மைதானத்துக்குக் கேட்கும்படி.

குழந்தை அவள் வாயையே பார்த்தது. பிறகு அதன் வாயும் திறந்தது. அழுவதற்கு இல்லை. "ஆ" என்று ஒரு சத்தம். சின்னதுதான். ஆனால் அதன் அளவுக்கு அது கத்தல்.

"எதிர்த்தா பேசற?" என்றாள் அவள். கண் நிறைந்துவிட்டது.

"மேனேஜரக் கையில வாங்கிக்கிறியா... இல்ல, நானே வச்சிருக்கட்டுமா?" என்றான் கணவன்.

"கொடுங்க இங்க. கேள்வி வேற."

வாங்கிக்கொண்டாள். அது அவள் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் "ஆ" என்றது. அவளும் "ஆ" என்றாள். கிடங்குச் சுவரில் பட்டு அது திரும்பி வந்தது.

காருக்குள்ளிருந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, பேக்கரிக்காரர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"மேடம், நான் எறங்கட்டுமா? இல்ல, இன்னும் நேராப் பிடிக்கணுமா?"

"அப்படியே இருங்க!" என்று கத்தினாள் கிளட்ச் அக்கா, குழந்தையின் காதுக்குப் பக்கத்திலிருந்தே. "நாங்க பேச வேண்டியது நிறைய இருக்கு!"